தயாபரனின் குறட்டை

மகன்,

உன் அறைக் கதவுக்கு வெளியே இருந்து எழுதுகிறேன். தட்டினேன். "போங்கோ அப்பா" என்றாய். கீழ்வீட்டு அம்மா மாடிக்கு ஒரு கதிரை தூக்கிவந்து தந்தார். "எவ்வளவு நேரம் இருக்கப் போறீங்கள் மெம்பர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் பையில் நகரசபைப் பயிற்சிக்கு வாங்கிய வெற்றுத் தாள்கள் இருந்தன. நான் கதைத்தால் நீ மின்விசிறியைக் கூட்டிவிடுவாய். ஆகவே எழுதி, ஒவ்வொரு தாளாகக் கதவின் கீழால் தள்ளுகிறேன். வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. தாளை மட்டும் உள்ளே இழு. நீ இழுப்பதை நான் பார்க்கவேண்டும்.

நேற்றுக் காலை சிந்துஜா மூதூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீ தாலி கட்டவேண்டிய பிள்ளை. வாசலிலேயே நின்றாள். "மாமா, நான் வைக்கிற சாப்பாட்டுப் பாசல் படியிலையே கிடக்குது. ஆள் பூட்டிக்கொண்டு இருக்கிறார். தயாவைத் தான்தான் கொன்றவராம். வேறை கதையே இல்லை" என்றாள். பிறகு, அம்மா குசினிக்குள் போனதும், உன் சட்டைப் பையில் கருகிய ஈயத்தாள் கண்டதைச் சொன்னாள். தூள் சூடாக்குகிற தாள். அவள் அழவில்லை. நான் அழுவேனா என்று பார்த்தாள்.

ஆகவே இரண்டு விடயம் எழுதவேண்டும். தயாபரனை நீ கொல்லவில்லை என்பது ஒன்று. அதை நீ நம்பவேண்டுமென்றால், அந்தக் காலையில் பின்னறை வாசலில் நடந்ததை நான் சொல்லவேண்டும். அது மற்றையது. அங்கே நான் மட்டும்தான் நின்றேன்.

முதல் தாளை எடுத்துவிட்டாய். உன் விரல் நுனி தெரிந்தது.

தயாவை நீ எனக்கு முதலில் காட்டியது இறங்குதுறையில். நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் நின்ற காலம். அவன் சல்லி ஊர்ப் பொடியன், சங்கு குளிக்கிற படகில் வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு அவன் கீழே போவான். நீ படகில் நின்று தண்ணீரில் எழும் குமிழைப் பார்ப்பாய். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு விளக்கினாய்: "அவன் எங்கை போறானோ அங்கை குமிழ் எழும்பும் அப்பா. குமிழ் போற பக்கம் படகும் போகவேணும். குமிழைப் பாக்கிறவன் வேறை எதையும் பாக்கக் கூடாது. கதைக்கவும் கூடாது." நான் சிரித்தேன். "கம்பஸுக்குப் படிக்கப் போகவேண்டிய துரை குமிழ் பாக்கிறார்" என்று அம்மாவிடம் சொன்னேன். நீ சாப்பாட்டை முடிக்காமல் எழும்பிப் போனாய். பல வருடம் கழித்து நகரசபை மேடையில் நின்று நான் ஊருக்குச் சொன்னதும் அதையேதான். ஒருவன் மூச்சை இன்னொருவன் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். உன்னிடம் கேட்டது என்று அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இதை மற்றவர்களும் வாசிக்க வேண்டியிருப்பதால் சொல்கிறேன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் தயாவின் தோளும் முழங்காலும் பிடித்துக்கொண்டன. வலிக்கு மாத்திரை. மாத்திரை கிடைக்காத நாளில் தூள், அதாவது ஹெரோயின். படகுக்காரர் நிறுத்திவிட்டார். மறுவாழ்வு முகாமுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. உன் பொன்னுருக்கலுக்குத் தோரணம் கட்டுவது தான்தான், வேறு ஆள் பிடிக்கக் கூடாது என்று சண்டை பிடித்தான். நான் சரி என்றேன். உள்ளுக்குள் விருப்பமில்லை. அதை அவன் கண்டிருப்பான்.

அந்த நாட்களில்தான் சபையில் விவாதம் வந்தது. சந்தைக் கழிப்பறையில் ஒரு பொடியன் தூள் எடுத்துச் செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு, கரையில் கவிழ்த்துக் கிடந்த படகுக்கு அடியில் இன்னொருவன். நகரசபை ஏதாவது செய்யவேண்டும், மூச்சு ஊதிக் காப்பாற்றச் சனத்தைப் பழக்கவேண்டும் என்று கதை எழும்பியது. ஒருவர் சொன்னார், "கழிப்பறையை இழுத்துப் பூட்டினா வேலை முடிஞ்சுது." இன்னொருவர் சொன்னார், "தூள்காரன்ரை வாயிலை மூச்சு ஊதிறதுக்கோ சனம் எங்களுக்கு வோட்டுப் போட்டது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பினேன். என் குரல் நன்றாக இருந்தது, எனக்கே தெரிந்தது. "பூட்டினால் வேறை ஒரு பூட்டுக்குள்ளை போய்ச் சாவான். தனிய இருக்கிறவன்தான் சாகிறான். கதவைத் திறந்து வையுங்கோ. பக்கத்திலை நிக்கிறவனுக்குப் பழக்கிக் குடுங்கோ" என்றேன். மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் என் பெயரில் நிறைவேறியது.

பயிற்சி பொதுச்சந்தை மேல்மாடியில் நடந்தது. ஆட்டோக்காரர், கழிப்பறை பார்ப்பவர்கள், இறங்குதுறை ஆட்கள், மருந்துக் கடைப் பொடியள். பழக்கியவர் சுகாதாரப் பரிசோதகர் நிஸ்தார், கிண்ணியா ஆள், பகிடிக்காரன். ரப்பர் பொம்மையின் வாயில் ஊதச் சொன்னதும் ஓர் ஆட்டோக்காரர் பின்வாங்கினார். "சேர், மனுசியிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்." நிஸ்தார் விடவில்லை. "பொண்டாட்டிக்கிட்ட நான் பேசுறன். நீங்க ஊதுங்க."

பிறகு அவர் மேசைமேல் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக் காட்டினார். தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். நிற்கும். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. திரும்ப அதே சத்தம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் எழும்பி உட்கார்ந்தார். "சிரிங்க. ஆனா ஊட்டுல இந்தச் சத்தம் கேட்டா, நல்ல நித்திரைண்டு கதவச் சாத்திட்டுப் போயிடாதீங்க. அது நித்திரையில்ல. உதட்டப் பாருங்க, நீலமா ஈக்கும். தட்டி எழுப்புங்க. எழும்பல்லையா, அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டு வாயில ஊதுங்க. தூள முறிக்கிற ஊசி ஆஸ்பத்திரியில ஈக்கு. அது வரைக்கும் நீங்கதான் அவன்ட மூச்சு" என்றார். இன்னொன்றும் சொன்னார். கொஞ்சக் காலம் விட்டிருந்தவன் திரும்பப் பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது. முகாமிலிருந்து வந்தவனைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். நான் முன் வரிசையில் இருந்தேன். தலையாட்டினேன். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த கிழமை உன் பொன்னுருக்கல்.

எங்கள் சனத்துக்குக் கல்யாணம் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, தாலிக்குரிய பொன்னை ஆசாரியார் உருக்குவார். பெண் வீட்டார் வந்திருந்து பார்ப்பார்கள். அன்றைக்கு அவர்கள் பொன்னை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டையும் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், முற்றத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மூதூரிலிருந்து வான் வந்துகொண்டிருந்தது. தயா விடியவே வந்து வாசலில் வாழை கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி முடித்திருந்தான். உன்னுடைய பழைய நீலச் சட்டையைத் தோய்த்து அழுத்திப் போட்டிருந்தான். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். "மாமி, மாப்பிள்ளையைவிட நான் வடிவாயிருக்கிறன், என்ன?" என்று கேட்டிருக்கிறான். இடையில் எங்கேயோ போய்விட்டு வந்தான். பிறகு தலை இடிக்குது, கொஞ்சம் சரியிறன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போனான்.

உன்னைப் பலகையில் இருத்திவிட்டார்கள். இருத்தினால் எழும்பக் கூடாது. நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, தயா வரேல்லை. அவன்ரை கண் சரியில்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

நீ சொன்னாய், மகன். இதை நன்றாக வாசி. நீ கவனித்தாய். பயிற்சிக்கு வராத நீ அவன் கண்ணைப் பார்த்தாய். எழும்ப ஏலாத இடத்திலிருந்து, எழும்பக் கூடியவனிடம் சொன்னாய். உன் பங்கு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் என்னுடையது.

நான் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. குறட்டை. நின்றது. நான் நின்றேன். திரும்ப வந்தது. நிஸ்தார் மேசைமேல் கிடந்து செய்த அதே சத்தம். சிரித்தோமே, அது. நான் வாசற்படியைத் தாண்டவில்லை. யன்னல் திரை மூடியிருந்தது, உதடு தெரியவில்லை. உள்ளே கொஞ்சம் நடந்தால் தெரியும். தெரிந்துவிடும் என்பதற்காகவே நடக்கவில்லை.

வெளியே வான் வந்து ஹோர்ன் அடித்தது.

இப்படியான நேரத்தில் ஒன்றுமே யோசிக்க முடியவில்லை என்று ஆட்கள் சொல்வார்கள். நான் யோசித்தேன். ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. இப்போது கத்தினால் அம்புலன்ஸ் வரும். அதன் பின்னால் பொலிஸ் வரும். மாப்பிள்ளையின் கட்டிலில் தூள்காரன் என்று மூதூர்ச் சனம் முழுக்கப் பார்க்கும். மாப்பிள்ளையும் அந்தக் கூட்டமோ என்று ஒருவர் கேட்பார். கேட்டால் நான் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். உன்னைப் பற்றி அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆகவே கதவைச் சாத்தினேன். காற்றுக்குத் திறந்துவிடக் கூடாது என்று வெளியால் கொண்டியைப் போட்டேன். ஒலிபெருக்கிக்காரனிடம் போய் நாதசுரத்தைக் கூட்டிவிடச் சொன்னேன். வாசலுக்குப் போய்ச் சிந்துஜாவின் தகப்பனைக் கை கூப்பி வரவேற்றேன். திரும்பி வந்து உன் காதுக்குள் சொன்னேன்.

"நல்ல நித்திரை, மகன். குழப்பாதை."

நீ நெருப்பின் பக்கம் திரும்பினாய். என்னை நம்பினாய். பொன் உருகி, உருண்டு, ஒரு துளியாக நின்றது. வடிவாக இருக்குது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாதான் வெற்றிலைத் தட்டம் எடுக்க, அந்த அறை அலுமாரியைத் தேடிப் போனாள். கொண்டியை யார் போட்டது என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. கூட்டத்துக்குள் நடந்து வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த விதத்திலேயே விளங்கியது. நான் ஓடினேன். ஊதினேன். முறையாக, பழக்கித் தந்தபடி. நெஞ்சு எழும்பியது, இறங்கியது. அது என்னுடைய காற்று. அவனுடையது ஒன்றும் இல்லை.

ஆசுபத்திரியில் நீ சந்தனப் பொட்டோடும் பட்டு வேட்டியோடும் சுவரில் சாய்ந்து நின்றாய். "நான் எழும்பிப் போயிருக்கவேணும்" என்றாய். நான் உன் தோளில் கை வைத்து, "உன்னிலை பிழையில்லை" என்றேன். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தியதைவிட அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. கதவைச் சாத்தியபோது ஒரு நிமிடம் கோழையாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் எழும்பி, முகம் கழுவி, திரும்பவும் கோழையாக இருந்தேன்.

கல்யாணம் தள்ளிப்போனது. நீ வீட்டை விட்டு இந்த அறைக்கு வந்துவிட்டாய். சபையில் எழுந்து நின்று அமைதி காத்தார்கள். "தன்ரை வீட்டிலையே இழப்பு வந்தும் மெம்பர் ஓயேல்லை" என்று தலைவர் பேசினார். அது உண்மை. நான் ஓயவில்லை. தோப்பூர்ப் பக்கத்துப் பிரதேச சபை ஆட்களையும் கூப்பிட்டுப் பழக்கினோம். மூதூர் இறங்குதுறையில் விழுந்து கிடந்த ஒருவனை, பொண்டாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்ன அதே ஆட்டோக்காரர் ஊதி எழுப்பினார். ஒரு பை நண்டோடு வீட்டுக்கு வந்து, கண் கலங்கி நின்றார். போட்டோ பேஸ்புக்கில் வந்தது. நீ இந்த அறையிலிருந்து எனக்கு எழுதினாய்: "பெருமையா இருக்கு அப்பா. தயாவுக்காகச் செய்யிறீங்கள்." அந்த நண்டைச் சமைத்தோம். நான் சாப்பிட்டேன். உனக்குப் பதில் எழுதவில்லை. நீ வேலைக்குப் போவதை நிறுத்தியது அந்தக் கிழமை.

போன தாளின் நுனி இன்னும் வெளியே தெரிகிறது. நான் கொஞ்சம் பொறுக்கிறேன்.

எடுத்துவிட்டாய். சரி.

நேற்றுச் சிந்துஜாவை பஸ் ஏற்றிவிட்டு நான் நேரே சல்லிக்குப் போனேன். உன்னிடம் வரும் முன் அங்கே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். தயாவின் அம்மா வாசலில் குந்தியிருந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்கோ மெம்பர்" என்று சொல்லி ஒரு பலகையைத் தள்ளிவிட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே முழுவதும் சொன்னேன். குறட்டை, வான், கொண்டி, நாதசுரம். அவர் கத்தியை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டார்.

"கதவைச் சாத்தினீங்களோ?"

"ஓம்."

"கொண்டியும் போட்டீங்களோ?"

"ஓம் தங்கச்சி."

"வெளியாலை."

"ஓம்."

கத்தியை மண்ணில் குத்தி வைத்தார். "உங்கடை இடத்திலை நிண்டா நானும் அதைத்தான் செய்திருப்பன் எண்டு சொல்லுவன், கேட்டுக்கொண்டு போகலாம் எண்டோ வந்தனீங்கள்?" செதில் ஒட்டிய கையைச் சீலையில் துடைத்தார். "சொல்ல மாட்டன். என்ரை வீட்டைப் பாருங்கோ. கதவு எங்கை கிடக்கு? சீலைதான் தொங்குது. இதுக்குள்ளை அவன் புரண்டு படுத்தாலும் எனக்குக் கேக்கும். முகாமிலை இருந்து வந்த நாள் தொடக்கம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். அண்டைக்குத்தான் விட்டன். மெம்பர் வீட்டுக்கு எண்டு போறான், நல்ல இடம் எண்டு விட்டன்."

 

கத்தியைத் திரும்ப எடுத்து அடுத்த மீனை இழுத்தபடி, "உங்கடை மகன் எங்கை?" என்று கேட்டார். லிங்கநகரில் ஓர் அறை எடுத்து இருக்கிறான், பூட்டிக்கொண்டு இருக்கிறான், அவனும் எடுக்கிறான் போலக் கிடக்கு என்றேன். அவர் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இஞ்சை நிண்டு என்ன செய்யிறீங்கள்? செத்தவன்ரை வீட்டிலை வந்து அழுறியள். இருக்கிறவன்ரை வாசலிலை போய் இருங்கோ."

திரும்பி நடந்தேன். பின்னால் கூப்பிட்டார். "இதைச் சனத்துக்குச் சொல்லப் போறீங்களோ?" சொல்வேன், பயிற்சியிலும் சொல்வேன், எழுதவும் எழுதுவேன், உங்களுக்குச் சம்மதம் என்றால், என்றேன். "அப்ப பேரோடை சொல்லுங்கோ. தூள்காரன் எண்டு சொல்லக் கூடாது. தயாபரன். அவனுக்குப் பேர் இருக்கு."

ஆகவே இந்தத் தாள்களின் பிரதியை நீ வாசித்த பிறகு மற்றவர்களுக்கும் கொடுப்பேன். நிஸ்தார் மேசைமேல் படுத்துக் குறட்டை விட்ட பிறகு, சிரிப்பு அடங்கியதும், நான் எழும்பி இதை வாசிப்பேன். மெம்பர் பதவி அதற்குப் பிறகு இருக்குமோ தெரியாது. சிந்துஜாவின் தகப்பன் என்ன சொல்வாரோ, அதுவும் தெரியாது. ஆனால் சிந்துஜாவுக்குச் சொல்லிவிட்டேன், இன்று காலை, போனில். "இப்பவாவது சொன்னீங்களே மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோபம்தான். நியாயமான கோபம். நீ அவளைக் கட்டுவதென்றால் இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து பழகாதே: பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருப்பதற்காக வாசலில் நிற்கிற பழக்கம். அவளிடம் ஈயத்தாளைப் பற்றிச் சொல். அவள் கண்டுவிட்டாள். நீ சொல்வாயா என்று காத்துக்கொண்டு இருக்கிறாள்.

இனி ஒரு தகப்பன் எழுதக் கூடாத வசனத்தை எழுதுகிறேன். நீ தூள் எடுப்பதை விடவேண்டும். அதற்கு வழி இருக்கிறது, நானும் கூட வருவேன், நிஸ்தாருக்கு ஆட்களைத் தெரியும். ஆனால் இன்றைக்கு உன்னால் விட ஏலாது என்றால், தனியாக எடுக்காதே. பூட்டிக்கொண்டு எடுக்காதே. சில நாள் விட்டிருந்தாயானால் பழைய அளவை எடுக்காதே. நான் வெளியே இருக்கிறேன் என்பதை நினைத்துக்கொள். திட்ட மாட்டேன். பொலிசைக் கூப்பிட மாட்டேன். அம்புலன்ஸைக் கூப்பிடுவேன். தெருச் சனம் முழுக்க எட்டிப் பார்த்தாலும் கூப்பிடுவேன்.

நீ நித்திரை கொள். எழும்ப வேண்டாம், கதைக்க வேண்டாம். படகில் நின்று நீ பார்த்ததுபோல நான் பார்த்துக்கொண்டிருப்பேன். காதைக் கதவில் வைத்தால் உன் மின்விசிறியின் சத்தம் கேட்கிறது. அதற்குக் கீழே உன் மூச்சும் கேட்கிறது. சாதாரண மூச்சு. அது மாறினால் எனக்குத் தெரியும். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

கீழ்வீட்டு அம்மாவிடம் கதவை நெம்பக்கூடிய இரும்பு அலவாங்கு ஒன்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். கதிரைக்குப் பக்கத்தில், சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கதவுக்குக் காசு தரவேண்டும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வாறன் என்று இறங்கிப் போயிருக்கிறார். இரண்டு கோப்பை கொண்டுவரச் சொன்னேன்.

கொண்டி இந்த முறை உன் பக்கத்தில் இருக்கிறது, மகன். இந்தத் தாளை இழு. பிறகு அதைக் கழற்று.

அப்பா